பழைய ஜீப்புக்கு ஜிங்க் எங்கே, பெயின்ட் எங்கே?

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் தூக்கி இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. இன்ஜினைப் பிரித்து போர் அடிக்கவும் கிராங்க் அரைக்கவும் கோயம்புத்தூரில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. டிரைவர் காலடித் தகரமும், பின்சக்கர வளைவும், பாடிக்கு அடியில் ஓடும் சட்டங்களும் அரித்துப் போயிருந்தால்தான் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படி ஒரு வண்டியை டிங்கர் பட்டறையில் இறக்கிய கையோடு வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, பாடியக் கழட்டி மொத்தமா கால்வனைஸ் பண்ணிப்போட்டா ஆகாதுங்களா? ஆயுசுக்கும் துரு வராதில்ல?" நல்ல கேள்விதான். கால்வனைஸ் என்பது இரும்பை உருகிய துத்தநாகத்தில், அதாவது ஜிங்கில், முக்கி எடுப்பது. ஆனால் பதில் ஆமாம் என்பதும் இல்லை, கூடாது என்பதும் இல்லை. ஜீப்பின் ஒரு பாதி உறுப்புகளுக்குத் துத்தநாகத் தொட்டி சரி. மறுபாதியை அங்கே அனுப்பினால் திரும்பி வரும்போது அது உங்கள் வண்டியில் பொருந்தாது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தில் முக்கால் வாசி.

முதலில் துரு. இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் கரைந்திருந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பு வேகம் பிடிக்கும். கடற்கரை ஊர் வண்டிதான் உப்பில் போகும், நம்ம பக்கம் காய்ந்த சீமை என்று நினைக்கிறோம். காங்கேயம், பல்லடம் பக்கம் போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். அந்த உப்புத்தண்ணியில்தான் வாரா வாரம் வண்டி கழுவுகிறோம். கழுவிய தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தகர மடிப்புக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த கழுவலில் இன்னும் கொஞ்சம் சேரும். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் கழுவிய வண்டியும் இதுவும் ஒரே வயசில் ஒரே மாதிரி இருக்காது.

போதாததற்குத் தோட்டத்து ஜீப் என்றால் பின்னால் உர மூட்டை ஏறாமல் இருக்காது. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி. மூட்டை கிழிந்து சிந்தியது தரைத் தகரத்தின் பள்ளங்களில் இறங்கி, ரப்பர் மேட்டுக்கு அடியில் ஈரத்தோடு கிடக்கும். கழனியிலும் எருக்குழியிலும் புகுந்து வந்த சேறு சக்கர வளைவின் உள்மடிப்பில் கட்டியாக ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இன்னொன்று: துரு, அது தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் எடுக்கும். இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங் ஆகியிருக்கும் இடத்தில் உள்ளே துரு புகுந்துவிட்டால், அது வீங்கி இரண்டையும் பிரித்துத் தள்ளும். ஜீப் பாடி பெரும்பாலும் மடிப்பிலும் இணைப்பிலும்தான் சாகிறது, நடுத் தகரத்தில் அல்ல.

துத்தநாகம் என்ன செய்கிறது

பெயின்ட் இரும்பை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு கல் தெறித்துக் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் துரு தொடங்கி, பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். துத்தநாகமும் மூடி வைக்கிறது, கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது. பருத்திக் காட்டில் வரப்போரமாக ஆமணக்கு நடுகிறோமே, புழு முதலில் அதில் போய் ஏறட்டும் என்று. துத்தநாகத்தின் வேலை அதுதான். இரும்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், வேதியியல்படி துத்தநாகம்தான் முதலில் கரையும். அது கரைந்துகொண்டிருக்கும் வரை பக்கத்தில் கீறலில் தெரியும் இரும்பு தப்பிக்கும். கீறல் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால்தான் இது நடக்கும். உள்ளங்கை அளவுக்கு உரிந்துபோன இடத்தை எந்தத் துத்தநாகமும் காப்பாற்றாது.

துத்தநாகம் சும்மா இருந்தாலும் கரையும், ஆனால் மெதுவாக. காற்றில் உள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதன்மேல் துத்தநாகக் கார்பனேட் என்ற சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கும். அதன் பிறகு வேகம் குறைந்துவிடும். கடலிலிருந்து தள்ளி, ஆலைப் புகை அதிகமில்லாத ஊரில் வருசத்துக்கு 1 மைக்ரானுக்கும் குறைவாகக் கூடக் கரையும். நகரமும் ஆலையும் கலந்த இடத்தில் 2 மைக்ரான் வரை போகலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான் என்று கேட்பதும் எத்தனை வருசம் தாங்கும் என்று கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். வண்டிக்கு அடியில் சேறு ஒட்டும் இடத்தில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்பின் மேல் துத்தநாகம் ஏறுவதற்கு நாலு வழி இருக்கிறது. நாலையும் நம்ம ஊரில் "ஜிங்க் போட்டாச்சுங்க" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

தொட்டியில் முக்குவது

பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் பழைய காற்றாலைகளின் கோணச் சட்டக் கோபுரங்களைப் பாருங்கள். பெயின்ட் கிடையாது, அந்தச் சாம்பல் நிறம்தான் துத்தநாகம். மின்கோபுரங்களும் சாலையோரத் தடுப்புகளும் அதே வகை. 1837-ல் பிரான்ஸில் சோரெல் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கிய முறை, அடிப்படையில் இன்றைக்கும் அதேதான்.

இரும்பை முதலில் காரக் கரைசலில் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். அடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுத் துருவை எடுப்பார்கள். பிறகு துத்தநாகம் நன்றாகப் பிடிக்க, துத்தநாக அம்மோனியம் குளோரைடு கலந்த ஃபிளக்ஸ் கரைசல். கடைசியில் உருகிய துத்தநாகத் தொட்டி. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும். தொட்டியை 450 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் துத்தநாகமும் இரும்பும் மேலுக்கு ஒட்டிக்கொள்வதில்லை, ஒன்றுக்குள் ஒன்று கலந்து உலோகக் கலவை அடுக்குகளாகவே வளர்கின்றன. அதனால்தான் இது நகத்தால் சுரண்டி வராது, சுத்தியல் தட்டுக்கும் லேசில் உரியாது.

கனமான இரும்பில் பூச்சும் கனமாக ஏறும். ஐ.எஸ்.ஓ. 1461 என்ற சர்வதேசத் தரம் கேட்கும் சராசரி, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தகரத்துக்கு 45 மைக்ரான், 3 மில்லிமீட்டர் வரை 55, 6 வரை 70, அதற்கு மேல் 85. வருசத்துக்கு 2 மைக்ரான் என்று மோசமாகவே வைத்தாலும் 70 மைக்ரான் ஏறிய பம்பருக்கு முப்பது வருசத்துக்கு மேல் வரும்.

இவ்வளவு நல்லது என்றால் பாடி முழுவதையும் ஏன் முக்கக் கூடாது? ஜீப் பாடித் தகரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். அச்சில் அழுத்தி வளைத்தபோதும், வெல்டிங் வைத்தபோதும், முப்பது நாற்பது வருசமாக டிங்கர் தட்டியபோதும் உள்ளே ஏறிய இறுக்கம் எல்லாம் அதில் அடைந்து கிடக்கிறது. 450 டிகிரியில் எஃகின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிடித்து வைத்திருந்த பலம் போனதும் அந்த இறுக்கம் தன்னிஷ்டத்துக்கு விடுபடும். பானெட் அலை அலையாக நெளிந்து வரும். மட்கார்டு முறுக்கிக்கொள்ளும். கதவுத் துளை ஒரு பக்கம், தாழ்ப்பாள் ஒரு பக்கம் போகும். அதை நிமிர்த்துவதற்குச் செலவழிக்கும் பட்டியின் (பள்ளம் நிரப்பும் பசையின்) கனம் துத்தநாகத்தின் கனத்தை விடப் பல மடங்கு இருக்கும்.

இரண்டாவது, மடிப்பு இணைப்புகள். அமிலம் இரண்டு தகரத்துக்கு நடுவே இறங்கிவிடும், உருகிய துத்தநாகம் அவ்வளவு குறுகிய சந்துக்குள் போகாது. உள்ளே அமிலமும் ஃபிளக்ஸும், வெளியே அழகான சாம்பல் நிறம். சில மாதத்தில் மடிப்போரமாகப் பழுப்பாகக் கசியும். மேலே அடித்த பெயின்டையும் தூக்கிவிடும்.

இங்கிலாந்தில் லேண்ட் ரோவர்க்காரர்கள் சேஸிஸையும் முன்பக்க இரும்புத் தடுப்புச் சுவரையும் கால்வனைஸ் செய்வது சர்வசாதாரணம். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 1948-ல் வந்த அந்த வண்டி வேறு ஜாதி. போருக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் வெளித்தகடுகள் அலுமினியக் கலவை. விளிம்புப் பட்டைகளுக்குக் கால்வனைஸ் இரும்பு போட்டிருந்தார்கள். நெளியக்கூடிய பெரிய மெல்லிய எஃகுத் தகடு அதில் குறைவு. நம்ம ஊரில் ஓடும் மகிந்திரா சி.ஜே. 3பி வகையறா அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தவை. உடம்பு பூராவும் எஃகு. அந்த வண்டிக்குச் சொன்ன யோசனையை இதற்கு அப்படியே எடுக்க முடியாது. சந்தர்ப்பவசமாக அலுமினியம் ஏதாவது கையில் இருந்தால் அதைத் துத்தநாகத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உருகிய துத்தநாகம் அதைத் தின்றுவிடும்.

அப்போது தொட்டிக்கு எது போகலாம்? முன் பின் பம்பர், இழுவைக் கொக்கியின் தாங்கி, ஸ்டெப்னி ஸ்டாண்டு, ஜெர்ரி கேன் தாங்கி, கால் வைக்கும் படி, சீட்டுச் சட்டம், ஹூட் கம்பி. சேஸிஸும் போகலாம், தொட்டியில் ஒரே முக்கில் அடங்குமானால். பாதி முக்கித் திருப்பிப் போட்டு மறுபாதி முக்கினால் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர். கோணலாக வாய்ப்பு அதிகம். லீஃப் ஸ்பிரிங், ஸ்டியரிங் உறுப்புகள், பிரேக் உறுப்புகள் எதையும் அனுப்பக் கூடாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். சூடு அதன் பதத்தையும் மாற்றும். இது அழகு விஷயமல்ல, உயிர் விஷயம்.

ஆலைக்கு அனுப்பும் முன் கவனிக்க வேண்டியதில் முதலாவது துளை. இரண்டு முனையும் அடைத்த குழாயோ பெட்டிச் சட்டமோ தொட்டிக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் ஈரம் நொடியில் நீராவியாகி வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் மேல் உருகிய துத்தநாகம் தெறிக்கும். ஒவ்வொரு அறைக்கும் காற்று வெளியேற ஒன்று, துத்தநாகம் வடிய எதிர்மூலையில் ஒன்று என்று துளை போட வேண்டும். என்ன அளவு என்பதை ஆலைக்காரரிடம் கேட்டே போடுங்கள். அடுத்தது சேஸிஸ் நம்பர். துத்தநாகம் அந்தப் பள்ளங்களில் நிரம்பி எழுத்தை மங்கலாக்கிவிடும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது, நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். முன்கூட்டியே போட்டோவும் பென்சில் பிரிண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மறைக்க ஆலையில் என்ன வழி என்று பேசிக்கொள்ள வேண்டும். மரைத் துளைகளிலும் துத்தநாகம் அடைத்துக்கொள்ளும், மரை வெட்டும் டேப்பைத் திரும்ப ஓட்ட வேண்டும். வெல்டிங் வேலை, துளை போடுவது, வண்டியில் பொருத்திப் பார்ப்பது எல்லாம் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு என்பதால் சில்லறைச் சாமான்களையும் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புவது லாபம்.

மற்ற மூன்று வழிகள்

போல்ட், நட்டு, கிளாம்புகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் போதும். மின்சாரத்தால் ஏற்றுவது; கனம் பொதுவாக 5 முதல் 12 மைக்ரான். பளபளவென்று இருப்பதைப் பார்த்து இதையே பம்பருக்கும் போடச் சொல்பவர்கள் உண்டு. 8 மைக்ரான் வருசத்துக்கு 2 வீதம் எத்தனை நாளைக்கு என்று நீங்களே கணக்குப் போடலாம். 10.9, 12.9 என்று தலையில் முத்திரை போட்ட உயர்பல போல்ட்டுகளைப் பிளேட்டிங் செய்தால் உடனே 200 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் சுட்டெடுத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்கிறார்களா என்று தெரியாத பட்டறையில் கொடுப்பதை விட, புதுசாக வாங்கிவிடுவது நல்லது.

அரித்துப்போன தரைத் தகரத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, ஜி.ஐ. ஷீட். தகரம் சுருளாக ஓடும்போதே இரண்டு பக்கமும் துத்தநாகம் ஏற்றி வருவது. கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு இது பழகிய சரக்கு. ஐ.எஸ். 277 என்ற இந்தியத் தர முத்திரையும் பூச்சு எடையும் பார்த்து வாங்க வேண்டும். 275 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். 120 என்றால் பக்கத்துக்கு எட்டரை மைக்ரான்தான். ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஷீட்டுக்குள் பாதிக்கு மேல் வித்தியாசம்.

இதை வெல்டிங் செய்யும்போது ஜாக்கிரதை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்க வைக்கும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் சொல்வது வெறும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் ஓடும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், உலோகப் புகைக்கான மாஸ்க்கோடு செய்ய வேண்டும்.

தேய்த்து எடுத்த இடத்துக்கு நாலாவது வழி: துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர். காய்ந்த படலத்தின் எடையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு துத்தநாகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் துகளும் துகளும் தொட்டுக்கொண்டு வேலை செய்யும். சுத்தமான வெறும் இரும்பின் மேல் மட்டுமே அடிக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் சில்வர் பெயின்ட் என்று தருவது அலுமினியத் தூள் கலந்தது. நிறம் மட்டும்தான் ஒன்று.

துத்தநாகத்தின் மேல் பெயின்ட் நிற்பதற்கு

நன்றாக முக்கி எடுத்த பம்பரில் நேராக எனாமல் அடித்து, ஆறு மாதத்தில் தோல் தோலாக உரிந்து வருவதைப் பார்த்துவிட்டு "கால்வனைஸ் மேல பெயின்ட் நிக்காதுங்க" என்பார்கள். நிற்கும். எனாமல்தான் நிற்காது. எனாமலில் இருக்கும் எண்ணெய் வகைப் பொருள் துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஒருவித சோப்பாக மாறிவிடுகிறது. பெயின்டுக்கும் துத்தநாகத்துக்கும் நடுவே சோப்புப் படலம் இருந்தால் எது ஒட்டும்? ரெட் ஆக்ஸைடு பிரைமரும் பெரும்பாலும் இதே எண்ணெய் வகைதான்.

ஆலையிலேயே வேலை தொடங்குகிறது. பெயின்ட் அடிக்கப் போகிறோம், குரோமேட் கரைசலில் முக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கரைசல் பளபளப்பைக் காக்கும், பிரைமரைப் பிடிக்க விடாது. வந்த சாமான்களை ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அதையும் தேய்த்து எடுத்தாக வேண்டும். முதலில் டீகிரீஸர், பிறகு நைலான் தேய்ப்பானால் பளபளப்பு மங்கும் வரை தேய்ப்பு, பிறகு கழுவல். கிரைண்டர் பிடித்துத் துத்தநாகத்தையே சீவிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து ஏற்றியதைக் காசு கொடுத்து எடுப்பது. கடைசிக் கழுவலுக்கு உப்புத்தண்ணி ஆகவே ஆகாது. பெயின்டுக்கு அடியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கிளப்பும். நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை அலசிவிடலாம்.

காய்ந்த அன்றைக்கே, கை படாமல், பிரைமர். துத்தநாகத்துக்கும் ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் இரண்டு பாகக் கலவை எபாக்ஸி பிரைமர் என் முதல் தேர்வு. எட்ச் பிரைமரும் ஆகும். அதில் இருக்கும் அமிலம் துத்தநாகத்தை லேசாகக் கடித்துப் பிடிக்கும். ஆனால் எட்ச் பிரைமர் மேல் எபாக்ஸி என்று இரண்டையும் அடுக்கக் கூடாது, தயாரிப்பாளர் ஆகும் என்று சொன்னால் தவிர. மிச்ச அமிலம் எபாக்ஸி இறுகுவதைக் கெடுக்கும். பட்டி வைக்க வேண்டியிருந்தால் எபாக்ஸி பிரைமருக்கு மேலேதான். அதன்மேல் மேற்பரப்பைச் சமன்படுத்தும் சர்ஃபேஸர், பிறகு ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட். டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் ஆயுசுக்கும் ஆஸ்துமாதான். பவுடர் கோட்டிங் விரும்பினால், சுடும்போது துத்தநாகத்திலிருந்து வாயு கிளம்பி ஊசித்துளை விழும் என்பதால், முன்சூடு போட்டு வாயுவை வெளியேற்றிவிட்டு அடிக்கத் தெரிந்த பட்டறையாகப் பார்க்க வேண்டும்.

இப்படிச் சரியாகச் சேர்ந்த துத்தநாகமும் பெயின்டும், தனித்தனியே தாங்கும் வருசங்களைக் கூட்டினால் வருவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்கும் என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட கணக்கு. பெயின்ட் துத்தநாகத்தைக் கரைய விடாது. பெயின்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் அடியில் துரு ஊர விடாது.

தொட்டிக்குப் போகாத பானெட், மட்கார்டு, கிரில், பாடிப் பக்கவாட்டுக்கு எபாக்ஸிதான் கவசம். பழைய பெயின்டை ரிமூவர் போட்டு எடுப்பது உத்தமம். மெல்லிய தகரத்தில் வேகமாக சாண்ட் பிளாஸ்டிங் அடித்தால் தொட்டியில் போடாமலே நெளிந்துவிடும். ஆற்று மணல் தூசி நுரையீரலுக்கும் கேடு. வெறும் இரும்பு தெரிந்த அன்றே எபாக்ஸி அடித்து, எல்லா மடிப்பிலும் இணைப்பிலும் சந்தை அடைக்கும் சீம் சீலர் இழுத்து, பெட்டிச் சட்டங்களுக்குள் துளை வழியாக மெழுகு ஸ்பிரே செலுத்த வேண்டும். மடிப்பில்தான் ஜீப் சாகிறது என்றேனே, காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது. வடிகால் துளைகளைச் சீலரால் அடைத்துவிடாதீர்கள்.

திறந்த ஷெட்டில் அடிப்பதானால் ஆடி மாதத்தைத் தவிருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிப் பக்கத்துப் புழுதி மொத்தத்தையும் ஈர பெயின்டில் கொண்டுவந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம். தை, மாசி, பங்குனி தோது.

நிறத்தைப் பற்றி ஒன்று. ஜீப் என்றாலே ராணுவப் பச்சை கேட்கிறார்கள். 1989-ஆம் வருச மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதிப்படி ராணுவத்துக்குச் சொந்தமான வண்டிக்கு மட்டுமே ஆலிவ் பச்சை. வேறு நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருவது நல்லதுங்க.